மைனா இரண்டு, கறிவேப்பிலை பூஜ்யம்

நர்ஸ் வேலைக்கு லண்டன் போன என் தங்கையிடமிருந்து போன மாதம் கடிதம் வந்தது. அங்கே வசந்தம் வந்துவிட்டதாம். வீட்டைச் சுற்றி வரும் பறவை, வண்ணத்துப்பூச்சிகளைத் தினமும் நோட்டில் குறித்து வைக்கிறாளாம். ‘நீயும் எழுதேன் அண்ணே’ என்று ஒரு வரி வேறு.

நாம் மட்டும் இளைத்தவர்களா?

மலேசியாவில், எங்கள் ஜித்ராவில் ஏது வசந்தம்? வெயில், அதைவிடக் கடுமையான வெயில் — அவ்வளவுதான். இருந்தாலும் நோட்டு வாங்கினேன். முதல் நாள், காக்கை நான்கு. மறுநாள், அதே நான்கு காக்கை...

மூன்றாம் நாள் அதிர்ஷ்டம் அடித்தது. வாசல் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. பரவசத்தோடு எழுதிக்கொண்டேன். அது முட்டையிட வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் இலைகளின் மேல் ஏழு பச்சைப் புழுக்கள்.

அந்தச் செடி என் மனைவி ஸ்டெல்லாவுடையது. அவள் அப்பா ரப்பர் தோட்ட வேலையை விட்டு லயத்து வீட்டைக் காலி செய்தபோது, அவள் கேட்டு வாங்கிய ஒரே சொத்து. அந்தக் குருண் தோட்டத்திலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. மூன்று வருடமாக அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள்.

பூச்சி மருந்தோடு வந்தவளை நான் தடுத்தேன். கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவன் நான். ஈஸ்டர் அன்று கூட்டிலிருந்து புறப்பட்ட வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து காட்டி இயேசுவின் உயிர்ப்பை விளக்குவேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வேதத்தையே துணைக்கு அழைத்தால் மனைவி என்ன செய்வாள்?

“உங்க இஷ்டம்லா. ஆனா செடி போச்சுன்னா நான் உங்ககூட பேச மாட்டேன்” என்றாள்.

தவக்காலம். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது, ரசம்தான். புழுக்களுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. ராப்பகலாகத் தின்றன. கறிவேப்பிலை வாசனையே இல்லாத ரசத்தை நான் குறை சொல்லாமல் குடித்தேன்.

கடைசி இலையும் தீர்ந்தது. வெறும் குச்சிகளில் ஏழு கொழுத்த புழுக்கள், மறைந்துகொள்ள ஓர் இலைகூட இல்லாமல். மறுநாள் காலை இரண்டு மைனாக்கள் வந்து இறங்கின. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஏழும் முடிந்தன.

ஸ்டெல்லா வெளியே வந்து குச்சிகளைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. சொன்னபடியே பேசவில்லை. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீரை நானே கொண்டுபோய் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் ரசத்துக்குப் பக்கத்தில் என் நோட்டையும் பேனாவையும் வைத்தாள்.

“மைனா ரெண்டு. எழுதிக்கோங்க.”

தங்கைக்கும் பதில் எழுதிவிட்டேன் — எங்கள் ஊருக்கு வசந்தம் வரவில்லை அம்மா, நேரே இலையுதிர் காலம்தான் வந்தது.