பெரியப்பா திட்டாத நாள்

என் பெரியப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் முகம் மலர்ந்துதான் படியிறங்கிப் போவார்கள். இது என்ன விசித்திரம் என்று எனக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா எம்.எல்.ஏ. ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவர் அம்மாவின் அக்காவைக் கட்டிக்கொண்ட தெலுங்குக்காரர். ஹைதராபாத்திலிருந்து பஸ்ஸில் பாதி நாள் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் வக்கீலாக இருந்தவர். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் முன்னறையில் கட்சிக்காரர்களைப் பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிட வறுத்தெடுப்பார் என்று சொன்னால் சரியாக இருக்கும். வாய்தா அன்றைக்கு மாமியார் வீட்டு விருந்துக்கு ஏன் போனாய், படிக்காத பத்திரத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று தெருமுனைவரை கேட்கும். அந்தச் சூடு ஆறுமுன் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துக்கொண்டும் வந்துவிடுவார். ஊர் ஜனம் அவருடைய வாய்க்குத்தான் ஓட்டுப் போட்டது என்பாள் அம்மா. நமக்காகப் போய்க் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா?

ஜெயித்ததும் ஹைதராபாத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அந்தக் கோடை விடுமுறைக்கு, நகரத்தின் இன்னொரு கோடியில் நாங்கள் குடியிருந்த மல்லாபூரிலிருந்து என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். விடிந்தால் போதும், ஊர்க்காரர்கள் வராந்தாவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. சிலருக்குத் திட்டு, சிலருக்கு டீ. திட்டு வாங்குகிறவர் நிற்கும்போதே பெரியப்பா போனை எடுத்து யாரையாவது கூப்பிட்டுவிடுவார். டீ குடித்தவரோ இன்னொரு நாளும் வருவார், இன்னொரு டீயும் குடிப்பார். சமையலறைக்குப் போய்ப் பெரியம்மாவைக் கேட்டேன். அவள் டீத்தூளைப் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா நீ? ஆகுற காரியம்னா திட்டுவாரு. ஆகாதுன்னா டீ கொடுக்கச் சொல்லுவாரு. ஊர்ல எப்பவோ ஒரு டீதான் போடுவேன். இங்க அடுப்ப அணைக்கவே முடியல."

ஏன் இங்கே மட்டும் அப்படி என்று விடாமல் கேட்டேன்.

"கோர்ட்ல எதிரி எதுத்தாப்ல நிப்பான்டி. இங்க சட்டசபைல பக்கத்து சீட்லயே உக்காந்திருக்கான்."

அப்படியென்றால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டால் ஆயிற்று என்று எனக்குத் தோன்றியது.

என்னை அழைத்துப்போகிற நாள் வந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்து, எல்லோருக்கும் பின்னால் வரிசையில் நின்றார். அவர் வேலை பார்த்த மல்லாபூர் தொழிற்சாலையை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டிருந்தார். திறக்காவிட்டால் வேலூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்கே போய்விட வேண்டியதுதான், என் பள்ளிக்கூடமும் போய்விடும் என்று வீட்டில் பேச்சு. சொந்தக்காரரிடம் போய் நிற்க அப்பாவுக்குப் பிடிக்காது. அம்மாதான் நச்சரித்து அனுப்பியிருந்தாள்.

பெரியப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தைத் தாண்டிக் கூட்டிவந்து தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். உள்ளே பார்த்து, நல்ல கப்பில் டீ கொண்டுவரச் சொன்னார். கூடவே உஸ்மானியா பிஸ்கட்டும்.

அப்பா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா அவர் தோளைத் தட்டி, நான் பேசிப் பார்க்கிறேன், கவலைப்படாதே என்றார். டீக்காரர்களிடம் பேசுகிற அதே மெத்துமெத்தென்ற குரல்.

நான் ஜன்னலிலிருந்து குதித்துப் போய் நடுவில் நின்றேன்.

"பெரியப்பா, எங்கப்பாவைத் திட்டுங்க."

வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. "ஏய், நக்கோ, வேணாம். உள்ள போ பாப்பா."

"நல்லா திட்டுங்க பெரியப்பா. அன்னிக்கு அந்த டிராக்டர் மாமாவைத் திட்டினீங்கல்ல, அந்த மாதிரி."

பெரியப்பா என்னைப் பார்த்தார். டீயுடன் வந்து வாசற்படியில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு, கோர்ட்டில் எழுந்திருப்பதற்கு முன் செய்வாரே அதுபோல, தொண்டையைச் செருமினார்.

"ஏமய்யா, கேட்டைப் பூட்டற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே? முன்னாடியே என்கிட்ட வந்திருந்தா..."

அதற்கு மேல் வரவில்லை. மேஜைமேல் இருந்த போன் பக்கமாகக் கை போயிற்று. அதை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. அப்பா கப்பை வாங்கி, அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை குடித்து, "டீ ரொம்ப நல்லாருக்குக்கா" என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

யாரையும் வராந்தாவைத் தாண்டி வழியனுப்பாத பெரியப்பா, அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் கேட்வரை எங்களோடு நடந்து வந்தார். அவரே கையை நீட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். ஆட்டோக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்றதுதான் தாமதம், ஆரம்பித்தார் பாருங்கள். தெலுங்கும் உருதும் கலந்து, அவருடைய ஊர் முன்னறையில்கூட நான் அப்படி ஒரு திட்டைக் கேட்டதில்லை. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காவல்காரர் ஓடிவந்தார். ஆட்டோக்காரர் மீட்டரைத் தட்டிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். எனக்கு ஒரே குஷி. எப்படியோ திட்டு ஆரம்பித்துவிட்டது, இனிமேல் தொழிற்சாலைதான் பாக்கி.

வீட்டில் அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"கேட் வரைக்கும் வந்து ஏத்திவிட்டாருப்பா" என்றார் அப்பா.

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய மரியாதை கிடைத்ததில் மலைத்துப்போய்விட்டாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியப்பா திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் நடித்துக் காட்டினேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தபடி முழுவதும் கேட்டாள். முடிந்ததும் எழுந்து, பரண்மேலிருந்த பெரிய சூட்கேசை இறக்கும்படி அப்பாவிடம் சொன்னாள்.

விடுமுறை முடிவதற்குள் இன்னொரு ஊரும் பார்க்கப்போகிறோம் போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.