மலைக்கு முதுகு காட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதல் வேலை பெட்டியைத் திறப்பதல்ல, வீட்டார் அதன்மேல் போட்டு மூடியிருக்கும் பாசத்தை விலக்குவது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேங்கிக்காலில் ஒரு வீடு ஒரே வாரத்தில் என்னை மூன்று முறை அலையவிட்டது. ரிட்டயரான கிளார்க் சேகர் சார், அவர் மனைவி மல்லிகாம்மா, மகள் நித்யா. நித்யாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நெட்டில் வரிசையாகக் கொடுத்தாக வேண்டும். டைப் அடித்தால் நாள் முழுக்க ஓடும் மிஷின், நெட்டைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று அணைந்துவிடும். செல்போனில் போடலாமே என்றால் சாருக்குச் சம்மதமில்லை. "வாழ்க்கை விஷயம்மா, பெரிய மிஷின்லதான் போடணும்" என்றார்.

பட்டுச் சட்டை

செவ்வாய்க்கிழமை போனேன். கதவைத் திறந்த சார், எனக்குப் பின்னால் மெக்கானிக் யாராவது வருகிறாரா என்று தெருவை எட்டிப் பார்த்தார். பொம்பளையானாலும் மெக்கானிக் நான்தான் என்று சொல்லி நம்பவைப்பதற்குள், மல்லிகாம்மா போட்டுவைத்த காபி ஆறிவிட்டது.

உள்ளே பார்த்தால், பெட்டிக்குப் பழைய பட்டுப் புடவையில் உறை. மல்லிகாம்மாவின் கைத்தையல். ஸ்விட்சுக்கு மட்டும் காஜா எடுத்த மாதிரி ஓர் ஓட்டை. நெட்டில் மேயும்போது பெட்டி ஜாஸ்தி உழைத்துச் சூடாகும், சூடு வெளியே போகாவிட்டால் தானே அணைந்துவிடும் என்று விளக்கி, உறையைக் கழற்றினேன். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

"தூசு படாம புள்ள மாதிரி வச்சிருந்தேன். இப்பிடி அம்மணமா வுட்டுட்டுப் போறீங்களே!"

சந்தனக் காப்பு

மறுநாளே போன். மறுபடியும் அணைந்துவிட்டதாம். பெட்டியின் பின்பக்கம் காற்றுப் போக ஓட்டைகள் இருக்குமல்லவா? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவற்றில் சந்தனம், குங்குமம் வைத்து வைத்து, சுவருக்குப் பூசிய மாதிரி கெட்டியாகியிருந்தது. உட்கார்ந்து பிரஷ்ஷால் சுரண்டினேன். நித்யா பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாருக்கோ வேறு கவலை.

"இத்தினி வருஷம் பூஜை போட்டும் இப்பிடிப் பண்ணுதுன்னா, பூஜை கம்மியா போட்டுட்டமோ?"

கடைசி நாள்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நித்யா அழுதுகொண்டே கூப்பிட்டாள். லிஸ்ட் பாதியில் இருக்கும்போது மிஷின் அணைந்துவிட்டதாம். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டிக் கிடந்தது, தொட்டால் தோசைக்கல். சுவரில் பதித்த பலகை என்பதால் முன்னால் இழுக்கவும் இடமில்லை. முதுகை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தால் ஒழிய வேறு வழியில்லை.

சார் குறுக்கே வந்து நின்றார். அந்த ஜன்னலில், ஊரே சாமியாகக் கும்பிடும் மலை தெரிகிறது. மிஷினாகவே இருந்தாலும் மலைக்கு முதுகு காட்டக் கூடாதாம். மல்லிகாம்மா முன்னால் வந்தார்.

"நீங்க டீக்கடைக்குப் போறப்போ மலையைப் பாத்துக்குனே பின்னாடி நடந்தா போறீங்க? நவுருங்க!"

முதல் பெயர்

அம்மாவே பெட்டியைத் திருப்பிவைத்தார். ஜன்னல் காற்று பட்டதும் அது சமர்த்தாக ஓடியது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் நித்யா கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லிஸ்டைப் படித்தார். முதல் பெயரும் கோயம்புத்தூர், இரண்டாவதும் கோயம்புத்தூர். நம்ம ஊர்ப் பக்கத்துக் கல்லூரி எங்கோ அடியில் கிடந்தது. மகள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மிஷினைத் திருப்பி வச்சி சரி பண்ணிட்டீங்க. இவ அவ்ளோ தூரம் போயிட்டா வூடு வெறிச்சுனு ஆயிடுமே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

காற்றுக்கு வழிவிட்டால் கம்ப்யூட்டர் கட்டாயம் ஓடும். அதற்கப்புறம் வீட்டை விட்டு யார் யார் ஓடுவார்கள் என்பதற்கு எங்கள் தொழிலில் வாரண்டி கிடையாது.