தம்புராவை ஓங்கி மீட்டினேன்

போன வெள்ளிக்கிழமை தம்புராவைத் தொட்டதற்காகச் சின்னவளை அடித்துவிட்டேன். உறையைக் கொஞ்சம் விலக்கி ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு அந்த அடி அதிகம். "அது யாருதுப்பா? ஏன் யாரும் வாசிக்கறதில்லே? அத்தை ஏன் நம்மாத்துக்கு வரதே இல்லே?" என்று மறுநாள் நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதுகிற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா, அதாவது உங்கள் அத்தையின் அகத்துக்காரர், எனக்கும் அத்திம்பேர், உங்களுக்கும் அத்திம்பேர், வாய்ப்பாட்டுக்காரர். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கச்சேரிகளுக்கு நான்தான் தம்புரா. எனக்குப் பாட வராது, ஆனால் சுருதி சேர்க்க வரும். "உன் காது தராசு மாதிரிடா" என்பார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒன்றுக்குத்தான், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தம்புரா என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது 'ஸ' என்ற ஸ்வரத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் மேலே போவார், கீழே போவார், கடைசியில் அந்த 'ஸ'வுக்கு வந்து சேர வேண்டும். அதுதான் அவருக்கு வீடு. அத்திம்பேர் ஒரு வருஷமாக வேறொன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மோகன ராகத்தைப் பாடிக்கொண்டே வந்து, 'க' என்ற காந்தாரத்தில் போய் உட்கார்ந்து, அதையே 'ஸ' என்று வைத்துக்கொள்வார். ஸ்வரங்கள் அதே ஐந்துதான். ஆனால் அந்த நிமிஷத்தில் மோகனம் மறைந்து இந்தோளம் வந்து நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிவிடுவார். இது பழைய சாஸ்திரத்தில் உள்ளதுதான் என்றார். இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் சபையில் அதைத் துணிந்து செய்து நான் கேட்டதில்லை.

முதல் தடவை அவர் அதைப் பாடியபோது அத்தை உள்ளே அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். குழவியும் கையுமாக வந்து நின்றாள். "இதென்ன, திடீர்னு வேற யாரோ வந்து பாடிட்டுப் போனாப்பல இருக்கு?" என்றாள். அத்திம்பேர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

அந்த வருஷம் ஸ்ரீராம நவமிக்கு, திருச்சித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி பந்தல் போட்டுப் பத்து நாள் கச்சேரி வைத்தார். அத்திம்பேருக்கு நாலு மணிக் கச்சேரி. ஆறரைக்குப் பெரிய வித்வான், அதற்குள் முடிக்க வேண்டும். முதலாளி ஒரு சங்கீத வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார், அதற்கு வாத்தியாராக யாரை வைப்பது என்று இந்தப் பத்து நாளில் பார்த்துத் தீர்மானிப்பார் என்று பேச்சு. அத்தைக்கு அப்போது இரண்டு குழந்தைகள். மாசாமாசம் நிச்சயமாக ஒரு வருமானம் என்பதை அவர்கள் கண்டதே இல்லை. "இன்னிக்கு வழக்கமானதே பாடிடுங்கோளேன்" என்று அத்தை கிளம்பும்போது சொன்னாள். "வழக்கமானதைப் பாட நூறு பேர் இருக்கா. என்னை எதுக்கு வெச்சுக்கணும்?" என்றார் அத்திம்பேர்.

ஜட்கா வண்டியில் போகும்போது என்னிடம் இரண்டே விஷயம் சொன்னார். "அந்த எடத்துக்கு வரப்போ விரலைத் தழைச்சுக்கோ. நிறுத்திடாதே, நிறுத்தினா ஏமாத்து வேலை. எறும்பு ஊர்றாப்பல மீட்டிண்டு இரு, போறும். இன்னொண்ணு, எதிர்த்தாப்பல யார் மூஞ்சியையும் பாக்காதே."

தம்புராக்காரன் பாடகருக்குப் பின்னால் உட்காருகிறவன். பாடகர் கண்ணை மூடிக்கொள்ளலாம். என்னால் முடியாது. சபை முழுக்க என் முகத்துக்கு நேரே இருக்கும்.

முன்வரிசையில் நடு நாற்காலியில் ஒரு வக்கீல். திருச்சியில் எந்தக் கச்சேரிக்கும் அவர்தான் நடுநாயகம். அவர் தலையாட்டினால் மற்றவர்கள் ஆட்டுவார்கள். அவர் துடையில் தாளம் போட்டால் ஐந்து வரிசையும் போடும். பக்கத்தில் முதலாளி. அவர் மேடையைப் பார்க்கவே இல்லை, வக்கீலின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனம் ஆரம்பித்ததும் வக்கீல் தலை ஆடியது. எல்லாத் தலையும் ஆடியது. நன்றாகத்தான் போயிற்று. அத்திம்பேர் மெல்ல மெல்ல ஏறிக் காந்தாரத்தில் உட்கார்ந்தார். நான் விரலைத் தழைத்தேன். அவர் அதையே 'ஸ' ஆக்கினார், இந்தோளம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சுருதி நூல் அளவுகூடப் பிசகவில்லை. என் காது எனக்குச் சொல்லிற்று.

வக்கீலின் தலை நின்றது.

அவர் பின்வரிசைக்காரரிடம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். "என்ன ஓய், மனுஷன் எங்கேயோ போயிட்டானே!" மேடை வரை கேட்டது. ஒருவர் காதைப் பொத்திக் காட்டினார். இன்னொருவர், "வெயில்ல வந்தார் போலிருக்கு, மோர் குடுங்கப்பா!" என்றார். சிரிப்பு. ஒரு கிழவர் மட்டும், "அபசாரம்! ராமன் உத்ஸவத்துல என்ன விளையாட்டு இது?" என்று எழுந்தே போனார். பிடில்காரர் வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் முன்வரிசையைப் பார்த்துப் புன்னகை செய்தார். பந்தல் ஓரத்தில், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றிருந்த ஓர் ஆள் மட்டும் வாயைப் பிளந்தபடி நுனிக்காலில் எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை முகங்களையும் நான் பார்த்தேன். அத்திம்பேர் கண் மூடியிருந்தார். அவருக்கு இன்னும் நாலு மூச்சு வேண்டும், திரும்பி வந்துவிடுவார். நான் காத்திருக்கவில்லை. ஓங்கி மீட்டினேன். 'ஸ' மணி அடித்ததுபோல் பந்தலெல்லாம் கேட்டது. அவர் குரல் அதில் மோதி உடைந்தது. கண்ணைத் திறந்தார், தடுமாறினார், அவசரமாக மோகனத்துக்கு ஓடி வந்தார்.

"பேஷ்! தொலைஞ்சு போன பிள்ளையைத் தம்புரான்னா கூப்பிட்டுண்டு வருது!" என்றார் வக்கீல். சபை கைதட்டியது. அன்றைக்கு விழுந்த முதல் கைதட்டல், எனக்கு. இதையும் எழுதிவிடுகிறேன்: ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அது நன்றாக இருந்தது.

கச்சேரி முடிந்து முதலாளி தாம்பூலத் தட்டைக் கொடுத்தார். "நல்லாத்தாங்க இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் வழி தவறிடுச்சுன்னு வக்கீலய்யா சொல்றாங்க. எனக்கென்னங்க தெரியும்?" என்றார். அதோடு வகுப்புப் பேச்சு முடிந்தது.

வெளியே அந்தச் செருப்போரத்து ஆள் காத்திருந்தார். பாலக்கரையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவராம். அத்திம்பேரைக் கும்பிட்டு, "சாமி, ஒரே சாவியப் போட்டு ரெண்டு வீட்டத் தொறந்து காட்டிட்டீங்களே!" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ஏங்க அதுக்குள்ள கதவச் சாத்துனீங்க?" என்றார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

காவேரிப் பாலத்தில் ஜட்கா போய்க்கொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்திம்பேர் கோபமாகக் கேட்கவில்லை. வைத்தியரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"நிஜத்தைச் சொல்லு. சுருதி பிசகித்தா? அதனாலதான் ஓங்கினியா?"

பயந்துபோய் மீட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் மறுபடி பாடியிருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. "பிசகினாப்பலதான் இருந்தது, அத்திம்பேர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "வக்கீல் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்றே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வழக்கமானதைப் பாடினார். அவர் சொன்னபடியே, அதைப் பாட நூறு பேர் இருந்தார்கள். கச்சேரிகள் குறைந்தன. வீடு வீடாகப் போய்ப் பெண் குழந்தைகளுக்குக் கீதமும் வர்ணமும் சொல்லிக்கொடுத்தார். என் காதை அவர் நம்பினார், தன் காதை நம்புவதை விட்டுவிட்டார்.

ஒன்பது வருஷம் கழித்து, யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், அதே பந்தலில் பட்டணத்திலிருந்து வந்த பெரிய வித்வான் ஒருவர் பாடினார். நாங்கள் இருவரும் போயிருந்தோம். மோகனம். காந்தாரத்தில் உட்கார்ந்தார். இந்தோளம். மைக் வேறு இருந்தது, தெப்பக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். அதே வக்கீல், தலை நன்றாக நரைத்திருந்தது, எழுந்து நின்றே கைதட்டினார். "இதுக்குப் பேர்தான் ஞானம்! கண்டவா பண்ணினா அது வழி தவறல்!" என்றார். பந்தலே அதிர்ந்தது.

அத்திம்பேர் கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நான் பண்ணினதும் இதேதானே?"

"ஆமா."

"அன்னிக்குப் பிசகினாப்பல இருந்துதுன்னியே."

"பிசகலே, அத்திம்பேர். எல்லாரும் சிரிச்சா. பயத்துல ஓங்கிட்டேன்."

அவர் மேல்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "பாலத்துலயே சொல்லியிருக்கலாமேடா" என்றார். கச்சேரி முடியும்வரைகூட உட்காரவில்லை.

அந்த வாரமே அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். இரண்டு நாள் கழித்து அத்தை தம்புராவைக் கை வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அது உங்கள் தாத்தா அவளுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது. "பாடறவர் பாடறதை விட்டுட்டார். இது அங்கே எதுக்கு?" என்று மூலையில் சார்த்தினாள். நான் வக்கீலைத் திட்ட ஆரம்பித்தேன், முதலாளியைத் திட்டினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வக்கீலுக்குக் காது கெடையாது. முதலாளிக்கு ஒண்ணுமே தெரியாது. அவா மேல எனக்குக் கோவமே இல்லே. உனக்குக் காதும் இருந்தது, தெரிஞ்சும் இருந்தது."

உங்கள் அம்மா காபி கலந்து எடுத்து வருவதற்குள் வாசல்படி இறங்கிவிட்டாள்.