கில்பர்ட்டினாவின் முறை

எங்கள் ஊர் ஆக்ரவனின் கல்லறைத் தோட்டத்தில், கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி, ஒரே கல்லில் இரண்டு கில்பர்ட்டினா மெக்கேக்கள் இருக்கிறார்கள். மேலே இருப்பவள் அத்தை. கீழே இருப்பவள் அவளுடைய தம்பி மகள். கோடையில் கனடாவிலிருந்து வம்சம் தேடி வருகிறவர்கள், ஆண் பெயருக்கு வால் ஒட்டிப் பெண்ணுக்கு வைத்துவிடும் எங்கள் வழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு, அத்தை பெயரைக் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அன்பான குடும்பம் என்று உருகிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் கல் நன்றாகவே விழும்.

வழக்கத்தில் வேடிக்கை ஒன்றுமில்லை. டொனால்டின் பேத்தி டொனால்டினா. மர்டோ கடலில் போய்விட்டால் அடுத்துப் பிறப்பது மர்டினா. செத்தவன் பெயரை யாராவது சுமக்க வேண்டும். ஆண் பிறக்கட்டும் என்று பெயர் காத்துக்கொண்டிருக்காது. அதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதல் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர், இரண்டாவதற்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், மூன்றாவதற்கு வீட்டில் கல்யாணமாகாத அத்தை இருந்தால் அவள் பெயர். இந்த வரிசையில் ஒருத்தியைத் தாண்டிப் போனால் அதை மறதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திருடினவளையும் ஓடிப்போனவளையும்தான் தாண்டுவார்கள்.

பெரிய கில்பர்ட்டினா பிறந்தபோது எஸ்டேட்டுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கில்பர்ட் ரேங்கின். கடற்கரை நிலத்திலிருந்து குடிகளைக் கிளப்பிவிட்டு அதை ஆடுகளுக்கு விடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கரையில் ஒன்பது வீடுகள். ஒன்பதாவது வீட்டு ஆங்கஸ் மெக்கே, பிறந்து சில நாளே ஆன பெண்ணைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ரேங்கின் வீட்டுப் பின்வாசலுக்குப் போய், ஐயா பெயரை வைக்க அனுமதி வேண்டும் என்று நின்றார். பிள்ளையில்லாத ரேங்கினுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தேயிலை ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். அறுவடை முடிந்ததும் எட்டு வீடுகளின் கூரையைப் பிரித்தார்கள். அந்தச் சனங்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்குப் போனார்கள். முனையில் பாறையும் காற்றும் நன்றாக விளையும். ஆங்கஸின் கூரை மட்டும் நின்றது.

அந்த நிலம் சதுப்பு, ஆடு அமிழ்ந்துவிடும், அதனால்தான் விட்டேன் என்று ரேங்கின் சாகும்வரை சொன்னார். யாரும் நம்பவில்லை. ஆங்கஸும் நம்பவில்லை. நம்பினால், பட்ட அவமானம் எல்லாம் வெட்டியாகப் போய்விடும்.

ஆக அந்தப் பெண்ணுக்கு ஊரே வெறுக்கும் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதும் இல்லை. அவளுக்கு ஊர் வைத்த பெயர் காரியஸ்தர். பள்ளிக்கூட வாசலில் முனைப் பையன்கள் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "இந்தத் தடவ வாடகை இல்லீங்கய்யா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார்கள். அவளுக்கென்று ஒரு கோழிகூடக் கிடையாது. வயது வந்தபோது முனையிலிருந்து ஃபார்க்கர் என்று ஒருவன் இரண்டு முறை வந்து வேலி ஓரம் நின்றான். மூன்றாம் முறை அவன் அம்மாதான் வந்தாள். "நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா பொழுது சாஞ்சா வாசல்ல நின்னு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட என்னால ஆகாது" என்றாள்.

கில்பர்ட்டினா மீன் அறுக்கப் போய்விட்டாள். ஹெர்ரிங் மீன் கூட்டம் போகிற வழியே விக், யார்மத் என்று துறைமுகம் துறைமுகமாகப் பெண்கள் கூட்டமும் போகும். அங்கே கேட்டவர்களிடம் இனா என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். இனாக்கள் அங்கே ஏராளம் என்பதால் யாரும் தலை எதுவென்று கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான், விரலெல்லாம் உப்புப் புண்ணோடு. அப்பா படுத்துவிட்டார் என்று ஆள் வந்து கூப்பிட்டபோது திரும்பினாள். அதற்குள் தம்பி நீல் கல்யாணம் செய்திருந்தான். பெண் பாரபெல், முனைக்காரி.

பாரபெலின் அப்பா ஹியூவைக் கூரை பிரித்த அன்று காய்ச்சலோடு ஒரு கதவில் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். அப்படிப்பட்டவரின் மகள் ஏன் ஒன்பதாவது வீட்டுக்கு வாழ வந்தாள் என்று ஊர் மண்டையைக் குடைந்துகொண்டது. "எடுத்துக்கிட்ட மண்ணுல பாதியாவது எங்க கைக்கு வரட்டும்னுதான்" என்று அவளே சொன்னாள். நீல் இதைக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பைத் தவிர அவனுக்கு வேறு கருத்து இருந்ததாகத் தகவல் இல்லை.

அப்பாவும் போன பிறகு ஓர் அடுப்பு, இரண்டு பெண்கள். இருவரும் நேரே பேசிக்கொள்ளவில்லை. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க, பேச்சு நீல் வழியாகச் சுற்றிப் போகும்.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, கஞ்சிக்கு உப்பு போட்டாச்சுன்னு."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, போட்டது நாக்குக்குத் தெரியணும். காதுக்குத் தெரிஞ்சா போதாது."

நீல் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டு போகாமல் நடுவே உட்கார்ந்திருந்தால் போதும்.

முதல் பெண் பாரபெலின் அம்மா பெயரைப் பெற்றாள். இரண்டாமவள் நீலின் அம்மா பெயரை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அத்தை வாயைத் திறக்க மாட்டாள், அந்தப் பெயர் தன்னோடு ஒழியட்டும் என்றுதான் நினைப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பாரபெல் கட்டிலில் இருந்தபடியே அறிவித்தாள்: இது ஹியூயினா, அவள் அப்பா பெயர்.

கில்பர்ட்டினா எரிக்க வெட்டிய பீட் மண்கட்டிகளை அடுப்போரம் அடுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீல், இது என் முறை."

நீல் திடுக்கிட்டான். உனக்கே அந்தப் பெயர் பிடிக்காதே அக்கா என்றான்.

"பிடிக்காது. அது வேற விஷயம். முறைய விட மாட்டேன். உயிரோட இருக்கறவளத் தாண்டிப் போனா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். ஊரு சொல்லிச்சு, பொறுத்துக்கிட்டேன். என் வீடும் சொல்லணுமா?"

பாரபெல் கணவனைப் பார்த்தே பேசினாள். "எங்கப்பாவக் கதவுல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. தூக்கச் சொன்னவன் பேர எம் புள்ளைக்கு வச்சு, அதுக்கு நான் பால் குடுக்கணுமான்னு கேளுங்க."

"அவ அப்பாவ நான் தூக்கலன்னு சொல்லு. அன்னிக்கு என்னையே ஒருத்தர் தூக்கிக்கிட்டுத்தான் நின்னாங்க."

இரண்டும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் மாட்டுகிற ஆண் செய்வதை நீல் செய்தான். மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். மாடு அப்போது வீட்டுக்குள்தான் கட்டியிருந்தது.

கடைசியில் சபை மூப்பர் டார்மட்டிடம் போனார்கள். டார்மட் முனைக்காரர், கூரை பிரித்ததைச் சிறுவனாக நின்று பார்த்தவர். அதனால் பாரபெல் தைரியமாகத்தான் போனாள். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டார். பின்கட்டில் அவருடைய கல்யாணமாகாத தங்கை பால் கடையும் சத்தம் கேட்டது. முனையில் அப்படியொருத்தி இல்லாத வீடே கிடையாது.

"பேரு அசிங்கம்" என்றார். "முறை சரி."

"அப்ப எங்கப்பா?" என்றாள் பாரபெல்.

"ஹியூவுக்குப் பையன் வருவான். உனக்கு இன்னும் வயசிருக்கும்மா."

ஞானஸ்நானத்துக்குப் பாரபெல் வரவில்லை. தகப்பன்தான் குழந்தையை ஏந்திப் பெயரைச் சொல்ல வேண்டும். நீல் சொன்னது போதகர் காதிலேயே விழவில்லை. இன்னொரு முறை கேட்டார். இந்த முறை விழுந்தது, எல்லார் காதிலும். முனைக்காரர்களின் பெஞ்சுகளில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை, ஒருவர்கூட இருமவில்லை. மனதார வெறுத்துக்கொண்டே முறையை மதித்தார்கள். கில்பர்ட்டினா கறுப்புத் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் முழுப்பெயர் கோயிலுக்குள் ஒலித்து அவள் கேட்பது அதுவே முதல் தடவை. முந்தைய தடவை ஒலித்தபோது அவள் கம்பளிக்குள் இருந்தாள்.

ஹியூவுக்கான பையன் வரவே இல்லை. பாரபெல் மகளுக்குப் பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், காய்ச்சல் வந்தால் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. "ஏய்" என்பாள். அந்த வீட்டில் ஏய் என்பது நாய்க்கும் கோழிக்கும் நீலுக்கும் பொது. அதனால் சின்னவள் அதற்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கமே இல்லாமல் வளர்ந்தாள். அத்தை மட்டும் காலையும் மாலையும் பெயரைக் கொஞ்சமும் சுருக்காமல், பாரபெல் காதில் விழும் தூரத்தில் நின்று கூப்பிடுவாள். அன்பில்லாமல் இல்லை. அன்பு மட்டும் என்றால் அவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்காது.

சின்னவளுக்கு நான்கு வயதான வசந்தத்தில், நீல் படகில் போயிருந்த ஒரு நாள், இரு பெண்களும் உருளைக்கிழங்கு நிலத்துக்கு உரமாகக் கடற்பாசி வாரக் கரைக்குப் போனார்கள். எட்டு வீடுகளின் அடித்தளக் கற்கள் அங்கே புல்லுக்குள் இன்னும் கிடந்தன. சற்றுத் தள்ளி முனைக்காரர்களும் பாசி வாரிக்கொண்டிருந்தார்கள். நீர் ஏறத் தொடங்கிவிட்டது. சின்னவள் வெளிப்பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ சிப்பியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

பாரபெல் ஏய் என்றாள். இன்னும் உரக்க ஏய் என்றாள். குழந்தை அசையவில்லை. நடுவில் இருந்த மணல் ஈரமாகிப் பளபளத்தது.

கில்பர்ட்டினா பக்கத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை போதும். அவள் முதுகுக் கூடையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

பாரபெல் திரும்பினாள். இடையில் நீல் இல்லாமல் அவளிடம் பேசியது அதுதான் முதல் முறை. "கூப்பிடுங்க."

"நீ கூப்பிடு."

"தண்ணி ஏறுது."

"எனக்கும் கண்ணு இருக்கு."

ஓர் அலை மணலைக் கடந்து பாறையின் மறுபக்கம் வரை போய் வந்தது. பாரபெல் இரு கைகளையும் வாயருகே குவித்து, "கில்பர்ட்டினா" என்று கூவினாள். முனைப் பெண்களின் குரல் அது, காற்றை எதிர்த்துக் கூவிப் பழகியது. பாசி வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். சின்னவள் திரும்பிப் பார்த்து, எழுந்து, முழங்கால் தண்ணீரில் தடுமாறி வந்து சேர்ந்தாள். பாரபெல் ஓர் அடி கொடுத்தாள். பிறகு மேலாடையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கில்பர்ட்டினா அங்கேயே நின்றாள். ஹியூவின் மகள், ஹியூவின் கூரை பிரிந்த இடத்தில் நின்று, கில்பர்ட்டினாவின் பெயரை ஊர் கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். இனிக்கும் என்று காத்திருந்தாள். அந்தக் குரலில் கேட்டபோது அது அவளையும் கூப்பிடவில்லை, குழந்தையையும் கூப்பிடவில்லை. தன்னை அறியாமல் அவள் மேட்டுப் பக்கம் திரும்பி, செத்துப்போன ரேங்கின் வருகிறாரா என்று பார்த்தாள்.

இருட்டியதும் பாரபெல் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"தண்ணி இடுப்புக்கு வந்திருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?"

"கூப்பிட்டிருப்பேன்."

"எப்போ?"

கில்பர்ட்டினா கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். கஞ்சியில் உப்பு போதவில்லை. அதைச் சொல்லி அனுப்ப நீல் இல்லை.