அமலி மேடமும் எங்கள் க்வார்ட்டர்ஸ் நம்பரும்

அமலி மேடம் போய்விட்டார்.

காலையில் எங்கள் எம்.சி.ஏ. வாட்ஸ்அப் குரூப்பில் பிரேமா போட்டிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், அதற்குள்... வேறு யாரோ ஒரு அமலியாக இருக்கும் என்று மேடம் நம்பருக்கே போன் போட்டேன்.

மேடத்தின் தம்பி எடுத்தார். அவர் சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, நான் பாட்டுக்குச் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

யுனிவர்சிட்டியில் எங்களுக்கு டேட்டாபேஸ் எடுத்தவர். கெஸ்ட் லெக்சரர். அடுத்த செமஸ்டருக்கு மறுபடி எடுப்பார்களா மாட்டார்களா என்று கடைசி வாரம் வரை அவருக்கே தெரியாது.

தானே புயலுக்கு அடுத்த வருஷம் அது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

மே மாதம் அப்பாவுக்கு ரிடையர்மென்ட். கம்பெனி க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வேறு வீடு பார்க்கவில்லை. ஒரு அரியர் விழுந்தாலும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உள்ளே விடமாட்டார்கள். என் வேலையை நம்பித்தான் வாடகை வீடே என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடமும் சரியான பயந்தாங்கொள்ளி. ஏதாவது சந்தேகம் கேட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்பார். பின்பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்போம். மறுநாள் நிஜமாகவே வந்து சொல்வார்.

நான் நெய்வேலி டவுன்ஷிப் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த பிளாக்? அவரும் க்வார்ட்டர்ஸில் வளர்ந்தவர்தான். அப்பா ரிடையராகி, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் வாடகைக்குப் போய் எத்தனையோ வருஷம்... இருந்தாலும் வாயில் பழைய பிளாக்தான் வரும்.

ப்ராஜெக்ட்டுக்கு டவுன்ஷிப் ஆஸ்பத்திரி மாதிரி ஒன்றுக்கு டேட்டாபேஸ் செய்தேன். குடும்பங்களுக்கு ஒரு டேபிள், வைத்தியத்துக்கு ஒரு டேபிள். ஒரு குடும்பத்தை இன்னொன்றோடு குழப்பாமல் இருக்க மாறவே மாறாத அடையாளம் ஒன்று வேண்டும், அதுதான் பிரைமரி கீ. நான் யோசிக்கவே இல்லை. க்வார்ட்டர்ஸ் நம்பரைப் போட்டேன்.

மேடமும் யோசிக்கவில்லை. பார்த்தார், சூப்பர் என்றார், கையெழுத்துப் போட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட உறுதியான நம்பர் உலகத்திலேயே கிடையாது.

வைவாவுக்குக் கேள்வி கேட்க வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வெளியூர்க்காரர். என் வீட்டு நம்பரையே போடச் சொன்னார். போட்டேன். அப்பா, அம்மா, நான், அப்பாவின் சுகர் மாத்திரை வரைக்கும் ஸ்க்ரீனில் வந்தது.

"சரி, அப்பா ரிடையர் ஆயிட்டாரு. அந்த வீட்டுக்கு வேற குடும்பம் வருது. சேத்துடும்மா."

சேர்த்தேன். அந்த நம்பரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று எரர். அப்போ அப்பாவை எடுத்துடு என்றார், ரொம்பச் சாதாரணமாக.

டெலீட் கொடுத்தேன். குடும்பத்தை எடுத்தால் அதோடு ஒட்டியதெல்லாம் தானாகப் போய்விடும்படி நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி செய்து வைத்திருந்தேன். அம்மா போனாள், நான் போனேன், சுகர் மாத்திரையும் போனது. மறுபடி தேடினால், 'நோ ரோஸ் செலக்டட்', ஒரு வரிகூட இல்லை.

ரிடையர் ஆனவருக்கும் வைத்தியம் உண்டே, இப்போது டாக்டர் எதைப் பார்த்து மருந்து எழுதுவார் என்று கேட்டார். அழுகைதான் வந்தது. சீ... லேபில் அத்தனை பேர் முன்னால்.

இதற்கு மார்க் போட முடியாது, அடுத்த செமஸ்டர் வந்து செய்யட்டும் என்றார். அரியர், இன்டர்வியூ, வாடகை, அம்மா... எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஓடியது.

அப்போது பின்னாலிருந்து மேடம் குரல்.

"சார், அந்தப் பொண்ணு வேற நம்பர்தான் போட்டுகினு வந்துச்சுங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்."

பச்சைப் பொய். அதுவும் துறைத் தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! முந்தானையைத் திருகித் திருகியே நின்றார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

எக்ஸ்டர்னல் துறைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்கு பாஸ் மார்க் போட்டார்.

வெளியே வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. "மொதல்ல நீ தண்ணி குடி. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிகினு வா, நெஞ்சு அடிச்சிக்குது" என்றார்.

வேலை கிடைத்தது. சென்னையில் இன்றைக்கும் அதே டேட்டாபேஸ் பிழைப்புதான்.

அடுத்த செமஸ்டர் மேடம் வரவில்லை. போன் செய்தால், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதனால் வேலையை விட்டுவிட்டேன் என்றார். கல்யாணப் பத்திரிகை எங்கே மேடம் என்று ஒவ்வொரு தடவையும் கிண்டல் செய்வோம். வரும் வரும் என்று சிரிப்பார். அப்புறம் போன் பேசுவதும் குறைந்துவிட்டது.

மதியம், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தம்பிக்கு மறுபடி போன் செய்தேன். கல்யாணத்துக்காக வேலையை விட்டார்களே, வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்.

"கல்யாணம் எங்கங்க ஆச்சு? அக்கா வேலைய விடலைங்க. ஏதோ வைவால தப்பாச் சொல்லிக் குடுத்தாங்கன்னு மறுபடி எடுக்கல. ஒரு வருஷம் வூட்லதான் இருந்துச்சு."

நான் போனை வைத்தேனா, அவர் வைத்தாரா, தெரியவில்லை.

கோயம்பேட்டில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். திண்டிவனத்துக்கு முன்னால் டிராஃபிக்கில் நிற்கிறது. ஐந்து மணிக்கு மாதா கோயிலில் இருந்து கல்லறைக்கு எடுத்துவிடுவார்களாம். கண்டக்டரை நான் நச்சரித்த நச்சரிப்பில் அவர் என் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

மேடம், கொஞ்சம் இருங்க... வந்துகினே இருக்கேன்.