தெருவுக்கே ஜலதோஷம்

உட்கார்ந்தால் நாற்காலி முனகும் என் இன்றைய உடம்பைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு காலத்தில் நான் வெறும் வாசனையைத் தொட்டுக்கொண்டு கேழ்வரகுக் களி தின்றவள். தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லை. யுத்த காலம். அரிசி என்பது பெரியவர்கள் பேச்சில் மட்டும் வரும் பொருளாகி, செத்துப்போன மகாராஜாக்களைப் போல மரியாதையோடு நினைவுகூரப்பட்டது.

நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். ஏரி, வயல், மாந்தோப்பு, நாலைந்து தெரு, அவ்வளவுதான் ஊர். பக்கத்தில் ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, கொட்டகை போட இடம் வேண்டுமென்று தோப்பு தோப்பாக வெட்டித் தள்ளியது. தோப்பில் குடியிருந்த ஜீவன்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. நரிகள் ஏரிக்கரைக்குப் போயின. கீரிகள் எங்கள் வேலிக்கு வந்தன. குரங்குகள் கோயிலுக்குப் போய்ப் பக்தர்களாயின. எங்கள் ஓட்டு வீட்டுப் பரண்மேலும் ஏதோ ஒன்று குடிவந்து ராத்திரியில் தடதடத்தது. பெருச்சாளி என்றாள் அம்மா. பூனை என்றார் அப்பா. எலித் தொல்லை குறைந்துபோகவே, பூனைக் கட்சி ஜெயித்தது.

அப்பாவுக்கு வேலை அந்தப் பட்டாளத்தின் அரிசிக் கிடங்கில். மூட்டைகளின் வரத்துப் போக்கை எழுதும் குமாஸ்தா. சாயங்காலம் வேட்டியை நன்றாக உதறிவிட்டுத்தான் ரயிலேறுவார். மடிப்பில் ஒரு மணி அரிசி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது திருட்டு என்பது அவர் கொள்கை. அம்மாவுக்கு அந்தக் கொள்கையில் அத்தனை பிடிப்பு கிடையாது. என்ன செய்வது, உதறுகிறவர் அவராயிற்றே.

வாசனை வர ஆரம்பித்தது மாம்பழக் காலத்தில். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், சீரகச் சம்பா பொங்கி வடிக்கிற மணம். கல்யாண வீட்டில் இலை போடக் காத்திருப்பதுபோல் இருக்கும். எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததோ களி. அப்பா மூக்கை உயர்த்தி, எதிர்வீடுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

எதிர்வீட்டில் இருந்தவள் பால்கார அத்தை. உறவு ஒன்றுமில்லை, மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அத்தை.

“பால் ஊத்துற எடத்துல எவனோ கள்ள அரிசி குடுக்குறான். ஊரே பட்டினி கெடக்கு. நான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடப் போறேன்” என்பார் அப்பா.

“கம்முனு இருங்க. நம்ம வாய்க்கு இல்லாதது அவங்க வாய்க்காச்சும் கெடைச்சுட்டுப் போவட்டும்” என்பாள் அம்மா.

இந்தத் தர்ம விசாரணையில் நான் கலந்துகொள்ளவில்லை. ஒரு வாய் களி, ஒரு மூச்சு வாசனை. எதிர்வீட்டு அத்தை நூறு வயசு இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தியபடி சாப்பிட்டேன்.

தெருவுக்கோ எந்தக் குழப்பமும் இல்லை. மணம் வருவது எங்கள் கூரையிலிருந்து. கூரைக்குக் கீழே இருப்பவர் அரிசிக் கிடங்குக் குமாஸ்தா. முடிச்சுப் போட ஒரு தெருவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் ஒருவர்கூட எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். அரிசிப் பதுக்கலைப் பிடிக்கிற அதிகாரி ஒருவர், எங்கேயோ சோதனை முடித்து ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தவர், எங்கள் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார். கூடவே அவருடைய சேவகன். முதலில் அகப்பட்டவள் அத்தை.

“இங்க யார் வீட்டும்மா சம்பா அரிசி வேவுது?”

“அரிசி மூஞ்சியப் பாத்தே மாசக்கணக்காச்சு சார்.”

“வாசனை வருதே!”

“எனக்கு ஜல்பு சார். சாணி நாத்தமே தெர்ல.”

கோடிவீட்டில் மாட்டுவண்டி ஓட்டும் கிழவர், எல்லோருக்கும் நைனா. அவரிடம் போனார். “எனக்கும் ஜல்புதான் தொரே. அவுங்க ஊட்லேர்ந்து தொத்திக்கிச்சு” என்றார் நைனா. எனக்கு நன்றாக வாசனை வருகிறதே என்றான் சேவகன். “வெளியூர்க்காரங்களுக்கு வரும்” என்றார் நைனா. அத்தையின் மாடு வேறு அந்த நேரம் பார்த்துத் தும்மியது.

அதிகாரி மூக்கு போன வழியே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அப்பா அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்ன உத்தியோகம் என்று கேட்டார் அதிகாரி. அப்பா சொன்னார். அதிகாரி மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வேலை போவதோடு நிற்காது. பட்டாளத்துச் சொத்து, நேரே ஜெயில். அம்மா களிச்சட்டியைத் திறந்து காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்து, இது இல்லை என்றார். பிறகு பரணை அண்ணாந்து பார்த்தார்.

ஏணி வந்தது. அரிக்கேன் விளக்கோடு ஏறினார். பரணில் ஒரு பழைய முறத்துக்குள் குட்டிகளை அணைத்தபடி ஒரு மரநாய் அவரைப் பார்த்தது. இருவரில் ஒருவர் அலறினார். யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. மரநாய் பயத்தில் அவர் தலையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு ஓட்டு இடுக்கில் மறைந்தது. அதிகாரி இறங்கி வந்தபோது தலையிலிருந்து கால்வரை சீரகச் சம்பா.

“இந்தச் சட்டையோட எப்படிய்யா ரயில் ஏறுவேன்? என்னையில்ல புடிப்பாங்க!” என்றார் பரிதாபமாக. அப்பா தன் சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

இத்தனை நாள் நான் எதைத் தொட்டுக்கொண்டு தின்றேன் என்பதை விளக்க அம்மா விரும்பவில்லை. மரநாயின் மூத்திரத்துக்கு வெந்த அரிசியின் மணம் உண்டு என்று பின்னாளில் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் என் நன்றி குறையவில்லை. வீட்டைப் பறிகொடுத்து வந்த ஜீவன் எங்களிடம் எடுத்துக்கொண்டது ஒரு ஓட்டை முறம். எலியைப் பிடித்தது, அந்தப் பஞ்சத்திலும் தினம் ஒருவேளை கல்யாண விருந்தை முகரக் கொடுத்தது. அதைத் துரத்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது நைனாதான் தடுத்தார். “குட்டி போட்டுக்கினு கீது. எங்க போவும்? தோப்பதான் வெட்டிட்டாங்களே.”

அன்று அப்பா உடனே சாப்பிட உட்காரவில்லை. எதிர்வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். “மாடு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“அதுக்கும் ஜல்புதான்” என்றாள் அத்தை.

அப்பா சிரிக்க முயன்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என் கவலை அதுதான். தினமும் இப்பேர்ப்பட்ட மணம் வந்தும், பாவம், ஒரு தெருவே மூக்கடைத்துக் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் துளசி பறித்து அத்தையிடம் எடுத்துப்போனேன்.

“இன்னா கண்ணு இது?”

“ஜல்புக்கு.”

அத்தை பால் செம்பைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பாரு அரிசி எட்த்தாரலன்னு எங்களுக்கே நேத்துதான்டி தெரியும்” என்றாள்.

அப்பாவின் அரிசிக்கும் அத்தையின் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஜுரம் முற்றினால் பெரியவர்கள் பிதற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். துளசியை அவள் மென்று விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, நாளைக்கும் கொண்டுவருகிறேன் என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.