எஞ்சின் பெட்டி மேல் துர்காதேவியின் மணிகள்

துர்காதேவியின் கதையை எம்.ரெட்டியபட்டியில் யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பருத்தி எடுக்கப் போகும் கூலி வீட்டுப் பெண். அருப்புக்கோட்டைக் கல்லூரியில் வேதியியல். இப்போது அங்கேயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அவர்கள் சொல்லாமல் விடுவது சித்தி பொன்னுத்தாயை. சித்திக்கு மார்பில் கட்டி. மதுரையில் ஏற்றிய மருந்து கட்டியோடு நிற்காமல் முடி, நாக்கு, வயிறு என்று உடம்பெல்லாம் புகுந்து ஆட்டிவைத்தது. சித்தி பிழைத்துக்கொண்டார். ஆனால், சொன்ன இடத்தில் மட்டும் திறக்கிற மருந்து வேண்டும் என்ற எண்ணம் துர்காவை விடவில்லை.

அவள் செய்வது கடுகைவிடச் சிறிய பாலிமர் மணிகள். உள்ளே இரும்புத் துகளும் மருந்தும். மாறி மாறி வரும் காந்தப்புலத்தில் வைத்தால் இரும்பு சூடாகும். நாற்பத்திரண்டு டிகிரி தாண்டியதும் மணி சுருங்கி மருந்தை வெளியே கசக்கிவிடும். சோதனைக்கு மருந்துக்குப் பதில் நீலச் சாயம். காந்தக் கருவி மதுரையில் இருந்தது. அவள் முறை மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குள் ஆராய்ச்சிக் காலமே முடிந்துவிடும்.

முந்தின நாள் கல்லூரியில் பவர் ஷட்டவுன். அதனால் மணிகளைத் தண்ணீரில் போட்ட குப்பியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, காலையில் ஈரத்துணி சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நிற்கவே இடமில்லை.

"கொடு தாயி, மடியில வச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்திருந்த ஒரு அக்கா டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டார். நிற்பவர் சுமையை உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்வது இந்தப் பக்கத்து பஸ் வழக்கம். அந்த அக்கா இறங்கும்போது அது பக்கத்து மடிக்குப் போனது. அங்கிருந்து முன் சீட்டுக்கு. கடைசியில் கண்டக்டர் வெள்ளத்துரையின் கைக்கு. அவர் அதை டிரைவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் வைத்து, உருளாமல் இருக்க ஒரு சாக்கையும் அணைகொடுத்தார்.

அருப்புக்கோட்டையில் துர்கா மூடியைத் திறந்தாள். துணி காய்ந்து சுட்டது. குப்பித் தண்ணீர் முழுக்க நீலம்.

"யாருண்ணே இத எஞ்சின் மேல வச்சது?"

"நாந்தேன் தாயி. மத்தியானம் வரைக்கும் சோறு சூடா இருக்கும்ல?"

"சோறு இல்லண்ணே, மருந்து மணி! மதுரையில காந்தம் வச்சுத் தொறக்க வேண்டியது."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏலே வெள்ளத்துரை, நம்ம வண்டியே தொறந்துவிட்டுருச்சு. ஒனக்கும் ஒரு டாக்டர் பட்டம் கேட்டு வாங்கு."

வெள்ளத்துரை சிரிக்கவில்லை. "இதுக்கு மாத்து ஒண்ணும் இல்லையா தாயி?"

துர்கா யோசித்தாள். சூட்டில் சுருங்கிய மணி குளிர்ந்தால் மறுபடி உப்பும். உப்பும்போது சுற்றியிருப்பதைக் குடிக்கும். எவ்வளவு குடிக்கும் என்றுதான் தெரியாது.

"ஐஸு வேணும்ணே. இப்பவே."

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சங்கரலிங்கத்தின் சர்பத் கடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை முன்னால் நிறுத்தினார் வெள்ளத்துரை.

"அண்ணாச்சி, மொத ஐஸு இந்தப் பிள்ளைக்கு!"

"ஏன், பிள்ளைக்கு மயக்கமா?"

"பிள்ளைக்கு இல்ல, டப்பாவுக்கு."

அண்ணாச்சி ஒரு வாளி நிறைய ஐஸை உடைத்துப் போட்டார். குப்பியை அதில் புதைத்தார். தான் உட்காரும் ஸ்டூலை அவளுக்குத் தள்ளினார். "கொஞ்சம் பொறுங்கப்பா, ஆசுபத்திரி வேல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். தொண்டை காய்ந்து நின்ற அத்தனை பேரும் பொறுத்தார்கள். வண்டிக்கு நேரமாகி, வெள்ளத்துரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினார்.

அரை மணி நேரத்தில் மணிகள் உப்பின. துர்கா பையிலிருந்த சிறு காந்தத்தைக் குப்பியின் பக்கத்தில் பிடித்தாள். மணிகள் அங்கே ஒட்டிக்கொண்டன. வெளிறிய நீலத் தண்ணீரை வடித்துவிட்டு, கையோடு கொண்டுவந்த சுத்த நீரை ஊற்றினாள். தண்ணீர் தெளிவாக நின்றது. மணிகள் நீலமாக இருந்தன. அண்ணாச்சி ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

மதுரையில் குப்பியைக் கருவிக்குள் வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மணியிலிருந்து நீலம் நூலாகக் கிளம்பியது, அடுத்து இன்னொன்று, அப்புறம் எல்லாம். எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தது. ஆனாலும், காந்தம் சொன்னபோது வந்தது. நடந்ததை ஒளிக்காமல் தன் ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர் ரேணுகாதேவியிடம் சொன்னாள்.

"பஸ்ஸையும் சேர்த்து எழுது. காலியான மணியை மறுபடி நிரப்பலாம்னு அதுதானே காட்டியிருக்கு" என்றார் அவர்.

சாயங்காலம் அருப்புக்கோட்டையில் இறங்கி, ஊர் பஸ் ஏறுமுன் அவள் போனது சர்பத் கடைக்கு. காலையைவிடக் கூட்டம்.

"அண்ணாச்சி, தொறந்துருச்சு!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"எது?" எலுமிச்சை பிழிந்தபடி நிமிர்ந்தவர் அவளைக் கண்டுகொண்டார். "அட, நீயா! சித்த முன்னால வாம்மா."

"இல்ல அண்ணாச்சி. காலையில எனக்காக எத்தன பேரு தாகத்தோட நின்னாக. நான் வரிசையிலயே வாரேன்."